அம்மாவின் மேப்பிள்

செத்துப்போன ஒரு மரத்தை உயிரோடு இருப்பதாகச் சொல்லி ஒன்றே முக்கால் வருடம் காலம் தள்ளிய குடும்பம் எங்களுடையது. அப்பா, சித்தப்பா, நான் ஆகிய மூன்று பேரும் கூட்டு. அதில் முதல் குற்றவாளி நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது.

அந்த ஜப்பான் மேப்பிளைக் கேமரன் மலைக்குப் போனபோது அம்மா வாங்கினார். ஜோகூர் வெயிலுக்கு இது தாங்காது என்று கடைக்காரரே நேர்மையாகச் சொன்னார். அம்மா கேட்டால்தானே! பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வரிசை வீட்டின் பின்புறம், துணி காயும் இடத்தில், ஒரு பெரிய தொட்டியில் அதை வைத்தார். என்றைக்காவது ஒரு நாள் அந்த இலைகள் சிவப்பதைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. அம்மாவுக்குச் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. விடியுமுன் பஸ் ஏறி எல்லைப் பாலத்தைக் கடந்தால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். வந்ததும் நேராகப் பின்புறம் போய் முதலில் மரத்தைத்தான் பார்ப்பார். எனக்கு அதன்மேல் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

கொரோனா வந்து எல்லையை மூடப்போகிறார்கள் என்றதும், வேலை போய்விடுமே என்று இரண்டு வாரத்துக்கான துணியோடு அம்மா அந்தப் பக்கம் போனார்.

"மரத்த பாத்துக்க பாப்பா. ரெண்டு வாரந்தானே, ஓடிப்போயிரும்."

இரண்டு வாரம் ஓடித்தான் போனது. அம்மா வரவில்லை.

மூன்றாவது மாதம் இலைகள் தொங்க ஆரம்பித்தன. தண்ணீர் ஊற்றினேன். இன்னும் தொங்கின. இன்னும் ஊற்றினேன். அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினேன். குளிர்நாட்டு மரமாயிற்றே என்று ஐஸ்கட்டிகளை வேரில் பரப்பினேன். யார் கண் பட்டதோ என்று அப்பா எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டினார். இலைகள் ஓரம் கருகி, சுருண்டு, ஒரு காலையில் ஒன்றுகூட மிச்சமில்லை. சித்தப்பா கிளையை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"அலமாக், காஞ்சிருச்சு லா" என்றார்.

நான் அழுத அழுகையில் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மாக்சிக், சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். மரம் போனால் அம்மா திரும்பி வரமாட்டார் என்று யாரும் சொல்லவில்லை. நானாகவே அப்படி முடிவு செய்திருந்தேன்.

சித்தப்பாவுக்கு அப்போது வேலை இல்லை, எங்களோடுதான் இருந்தார். கால்வாய் ஓரம் யாரோ நட்டிருந்த மரவள்ளியிலிருந்து ஒரு குச்சியை ஒடித்து வந்து தொட்டியில் ஊன்றினார்.

"அதுக்கும் கை மாதிரி எல, இதுக்கும் கை மாதிரி எல. காம்பு வேற செவப்பு. போன்ல யாருக்கு லா தெரியப்போவுது?"

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அது துளிர்க்கும்வரை போனில் கேமரா கெட்டுவிட்டது என்று சமாளித்தோம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா போனைப் பிடிக்க, நான் தொட்டியைக் காட்டினேன். அம்மா திரைக்கு நெருங்கி வந்து பார்த்தார். இலையைக் கிட்டே காட்டச் சொன்னார், காட்டினேன்.

"நல்லாத்தான் வந்துருக்கு பாப்பா" என்றார். "அடியில மண்ணு அணைச்சு விடு. எங்க, பக்கத்துல நில்லு, ரெண்டு பேர்ல யாரு ஒசரம்னு பாப்போம்."

நின்றேன். செடி என் முழங்கால்வரைகூட இல்லை. அம்மா சிரித்தார். அப்புறம் கொஞ்ச நேரம் அவர் அறையின் கூரை மட்டும் தெரிந்தது. லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் இதேதான். "மரத்த காட்டு. பக்கத்துல நில்லு. செருப்ப கழட்டிட்டு நில்லு, ஏமாத்தக் கூடாது." அந்தக் கடைசி வார்த்தை என்னைக் குத்தும். மரவள்ளி கிடுகிடுவென்று வளர, மேப்பிள் இவ்வளவு வேகமாக வளராது என்று சித்தப்பா அடிக்கடி உச்சியை வெட்டிவிடுவார். "மரம் அங்கயே நிக்குது, நீதான் ஏறிக்கிட்டே போற" என்பார் அம்மா.

ஊரடங்கு தளர்ந்து வெளியே போகலாம் என்றான பிறகு அப்பா என்னைக் கடலோரம் கூட்டிப்போவார். எதிர்க்கரையில் சிங்கப்பூர்க் கட்டடங்கள் தெரியும். அம்மா எதில் இருக்கிறார் என்று கேட்பேன். அப்பா ஒன்றைக் காட்டுவார். அடுத்த வாரம் வேறொன்றைக் காட்டுவார். நான் இரண்டுக்கும் கையசைத்திருக்கிறேன். அம்மா வரவேண்டும் என்று தினமும் சாமியிடம் வேண்டுவேன். அடுத்த நொடியே பயம் வந்து, மரத்தைக் கண்டுபிடிக்காமல் வரவேண்டும் என்று சேர்த்துக்கொள்வேன்.

எல்லை திறந்து அம்மா வந்த அன்று நான் வாசலுக்கு ஓடவில்லை. சித்தப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அம்மாதான் வந்து இழுத்துக் கட்டிக்கொண்டார். அந்தச் சட்டையில் வேறு யாரோ வீட்டுச் சோப்பு வாசம். எனக்குத் தாங்கவில்லை.

"அந்த மரம் செத்துப்போச்சும்மா" என்றேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பின்புறம் போனார். பையை இறக்கினார். மரவள்ளியின் அடித்தண்டை இரண்டு கையாலும் பிடித்து, இப்படியும் அப்படியும் அசைத்து, ஒரே இழுப்பாகப் பிடுங்கினார். ஒரு கிழங்குகூட ஒடியவில்லை. அம்மாவுக்கு எவ்வளவு பலம் என்றுதான் நான் நினைத்தேன். அவர் கோத்தா திங்கி பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர், அவித்த மரவள்ளி தின்றே வளர்ந்தவர் என்பது எனக்குத் தெரிந்த விஷயம். தெரிந்தும் உறைக்கவில்லை.

கிழங்கு முற்றி நார் ஏறிக் கிடந்தது. மிளகாய்ச் சம்பாலைத் தொட்டு மென்று மென்று தின்றோம். அம்மா திட்டவில்லை. தப்பித்தேன் என்று இருந்தது எனக்கு.

அந்த ஞாயிறுகளின் படங்கள் அம்மாவின் பழைய போனில் இன்னும் இருக்கின்றன. போன மாதம்தான் பார்த்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே பிடித்து, ஓரங்களை வெட்டி வைத்திருக்கிறார். எந்தப் படத்திலும் மரம் முழுதாக இல்லை. ஓரமாக இரண்டு இலைகள், அவ்வளவுதான். நடுவில் வெறுங்காலோடு, மாட்டிக்கொள்வோமோ என்று விறைத்து நிற்கிறேன் நான், ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் உயரமாக.