வெறும் சுவரில் படித்த எழுத்துகள்

அப்பா ஐம்பதைத் தொடும்போது பிறந்தவள் நான். என் தோழிகளின் தாத்தாக்கள் ஓய்ந்து உட்கார்ந்திருந்த வயதில், என் அப்பா பேராவூரணிப் பக்கம் ஒரு மில்லில் தேங்காய் மட்டையை நாராக அடிக்கும் மெஷினுக்கு மட்டை தள்ளிக்கொண்டிருந்தார்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது மில்லுக்குக் கண் பரிசோதனை வேன் வரப்போகிறது என்றார்கள். வயதானவர்களில் பார்வை சரியில்லாதவர்களை மெஷினிலிருந்து இறக்கி, களத்தில் நார் உலர்த்த அனுப்பிவிடுவார்களாம். சம்பளமும் பாதியாகிவிடும். அதே வேன் அதற்கு முந்தைய வாரம்தான் எங்கள் பள்ளிக்கு வந்திருந்தது. எழுத்து அட்டை எனக்கு மனப்பாடம் என்று தெரிந்ததும் அப்பா என்னைத் தனியாக அழைத்தார்.

“கடைசி ரெண்டு வரிதாம்மா கொஞ்சம் மங்கலா இருக்கு. அம்மாகிட்ட சொல்லிக்காத.”

எழுத்துகளைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். தினமும் மாலையில் பாடம். நான் ரொம்பக் கண்டிப்பான டீச்சர். எல்லாம் சரியாகப் படித்தால் சந்தேகம் வரும், கடைசி வரியில் கொஞ்சம் திணற வேண்டும் என்றுகூடச் சொல்லிக்கொடுத்தேன். அந்த வயதில் எனக்கு இருந்த விவரத்தை நினைத்தால் இன்று கூசுகிறது.

நான்காம் நாள், அவரைச் சோதித்துப் பார்க்க, அவர் வருமுன் காகிதத்தை எடுத்துவிட்டேன். அப்பா வழக்கமான இடத்தில் வந்து நின்றார். வெறும் சுவரில் மேலிருந்து கீழாகக் கண்ணை நகர்த்தி ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். திணற வேண்டிய இடத்தில் கண்ணை இடுக்கித் திணறினார். பிறகு, “காத்துல பேப்பர் ஆடுது பாரு, நல்லா ஒட்டும்மா” என்றார்.

நிஜமாகவே அங்கே ஏதோ ஆடுகிறதோ என்று திரும்பிப் பார்த்தேன். நல்ல வெளிச்சம். பசை காய்ந்த தடத்தைத் தவிரச் சுவரில் ஒன்றுமில்லை. அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளிச் சிரித்தார். பயத்தில் “சரிப்பா” என்று சொல்லிவிட்டேன்.

பரிசோதனையில் அப்பா தேறினார். எனக்கு அல்வா வாங்கி வந்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, மட்டையோடு சேர்த்து அவருடைய வலது கையையும் மெஷின் இழுத்துக்கொண்டது.

ஆஸ்பத்திரிக்கு மில் மேனேஜர் வந்தார். கட்டிலருகே உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதினார். அப்பாவின் கட்டு மணிக்கட்டோடு முடிந்திருந்தது.

“அவருக்குக் கண்ணு சரியாத் தெரியலைங்க. எனக்குத் தெரியும். அவரை ஏன் மெஷின்ல நிறுத்துனீங்க?” என்றாள் அம்மா.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு பாப்பா. அப்பாவுக்குக் கண்ணு தெரியுமா?”

ரகசியத்தை விடாமல் காத்தால் அப்பாவின் வேலை தப்பும் என்று நினைத்தேன்.

“நல்லாத் தெரியும் சார். கடைசி வரி வரைக்கும் படிப்பாரு.”

அவர் எழுதியதை வாசித்துக் காட்டினார்: பார்வையில் குறையில்லை, தொழிலாளியின் கவனக்குறைவு, மில் பொறுப்பல்ல. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். காப்பாற்றிவிட்டேன் என்று அப்பாவைப் பார்த்துக் கண் சிமிட்டினேன். அவர் பதிலுக்குச் சிமிட்டவில்லை என்று வீடு வரும்வரை எனக்குக் கோபமாக இருந்தது.