மீன்காரி டோர்கஸின் நல்வாக்கு

இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்தில் மீன் விற்ற டோர்கஸின் வாய்க்கு ஊரே பயந்தது. தாயில்லாத தெர்ஸா தன் கல்யாணத்துக்கு அவளைத்தான் தேடி வந்தாள்.

“அத்தை, உங்க வாய்க்குக் கடலே அடங்கும். நீங்கதான் எனக்குப் ‘பெனிசன்’ சொல்லணும்.”

அது ஆசீர்வாதத்துக்கான பழைய சொல் என்று டோர்கஸுக்குத் தெரியும். ஆனாலும் தயக்கத்துடன் பாதிரியாரிடம் போய், “திட்டுற வாயில அது வருமாய்யா?” என்று கேட்டாள்.

“லத்தீன்ல பொறந்து பிரெஞ்சு வழியா வந்த சொல்லும்மா அது. நல்லது சொல்றதுன்னுதான் அர்த்தம்.”

“சொல்றதுதானா? அதுக்கு என்னை விட்டா யாரு!”

கல்யாணத்தன்று தேவாலய வாசலில் மணமக்கள் தலையில் கைவைத்து, கடைத்தெருவுக்கே கேட்கும்படி முழங்கினாள்.

“உன் வலை கிழியாம இருக்கட்டும்டா மாப்பிள்ளை! இவ அடுப்பு அணையாம இருக்கட்டும்! சண்டை வந்தா சோறு ஆறுறதுக்குள்ள தீரட்டும்!”

கூட்டம் சிரித்தது. தெர்ஸா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதன்பின் டோர்கஸின் வாழ்த்தில்லாமல் அந்தத் துறைமுகத்தில் கல்யாணமே நடந்ததில்லை.