மண்டபத்தில் கேட்ட மூச்சு

மைக் செட்காரரும் தையல்காரரும் இருபது வருடமாக ஒரே மாடி அறையில் குடித்தனம். வெறும் கூட்டாளிகள் என்று ஊர் நினைத்தது, இவர்களும் திருத்தவில்லை. விஷயம் தெரிந்தால் அறையும் போகும், பிழைப்பும் போகும்.

அன்று மண்டபத்தில் விவாதம்: ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்வது பிறப்புரிமையா, சட்டம் பார்த்துக் கொடுப்பதா? மேடையில் வக்கீல் கையை விரித்தார்.

"உரிமை கிடக்கட்டும்யா. மொதல்ல ஆளைக் காட்டுங்க. நம்ம ஊர்ல அப்படி ஒருத்தன் இருக்கானா?"

கூட்டம் சிரித்து அடங்கியது. அப்போது எல்லா ஸ்பீக்கரிலும் யாரோ மூச்சு விட்டார்கள், காதோரம் நின்று விடுவது போல. முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"யாருய்யா அது, பேயா?" வக்கீலுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது.

மண்டப ஓரத்தில் ஆம்ப்ளிஃபயர் முன் உட்கார்ந்திருந்த மைக் செட்காரர் நிமிர்ந்தார். மேடை மைக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார். மூச்சு நிற்கவில்லை, வேகமெடுத்தது. அப்புறம்தான் தன் சட்டையைத் தொட்டார். காலையில் சோதித்துப் பார்க்க மாட்டிய காலர் மைக்கைக் கழற்ற மறந்திருந்தார்.

அணைக்கப் போன விரல் நின்றது.

"நான் இருக்கேன் சார்."

குரல் நாலு சுவரிலிருந்தும் வந்தது. எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் கூட்டம் விழித்தது. அவர் எழுந்து நின்றார்.