சித்தியின் அடுத்த வரி

என் சித்தி அரசியல் சாசனத்தைப் பேய்க்குப் படித்துக் காட்டுகிறாள் என்று மூன்றாம் வகுப்பில் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். யாரும் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்துத் தெருவைப் பார்த்தவர்களுக்கு அதை நம்பச் சிரமமே இருக்காது.

பிள்ளைப்பாக்கத்தைத் தாண்டி, கம்பெனிக்காக அரசாங்கம் எடுத்துக்கொண்ட தெரு அது. காலி செய்தவர்கள் கதவையும் ஜன்னலையும் பெயர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கம்பெனி பஸ் திரும்பும்போது அதன் விளக்கு வெளிச்சம் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்து வெளியே வரும். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன். அந்தப் பக்கம் போகவே கூடாது என்பது அம்மாவின் உத்தரவு.

எங்களோடு இருந்த சித்திக்கு வருவாய்த் துறையில் வேலை. புதிதாக வந்த அதிகாரி, ஊழியர்கள் எல்லோருக்கும் அரசியல் சாசனம் தெரிந்திருக்க வேண்டும், நவம்பரில் அரசியல் சாசன நாள் கூட்டத்தில் கேள்வி கேட்பேன் என்று சொல்லிவிட்டார். அலுவலகமே முணுமுணுத்ததாம். ஒரகடத்தில் ஷிப்ட் முடித்து வந்த அப்பாவுக்கு ஒரே சிரிப்பு.

“சட்டத்தத் தெரிஞ்சிகினு இன்னா பண்ணப் போறே? மேலேர்ந்து ஆர்டர் வந்தா போயி நிக்கத்தானே போறே.”

“தெரியாம நிக்கறது வேற, தெரிஞ்சி நிக்கறது வேற மாமா,” என்றாள் சித்தி.

அன்று முதல் விளக்கு வைக்கும் நேரத்தில் மொட்டைமாடியில் நடந்துகொண்டே சத்தமாகப் படிப்பாள். நான் வீட்டுப்பாடத்தோடு பக்கத்தில் இருப்பேன். ஒரு நாள், ‘இந்திய மக்களாகிய நாம்’ என்று சொல்லி அவள் மூச்சு விட நிறுத்தினாள். இருட்டிக் கிடந்த தெருவிலிருந்து ஒரு குரல் அதையே மெதுவாகத் திருப்பிச் சொன்னது. பள்ளியில் உறுதிமொழி எடுக்கும்போது ஒருவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் சொல்வோமே, அந்த மாதிரி.

நான் சித்தியின் புடவையைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஓடவில்லை. எனக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது. கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய் நின்று, வரிக்கு வரி இடைவெளி விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். குரலும் விடாமல் பின்னால் வந்தது. தினமும் இது நடந்தது. சட்டப்படி அல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிற இடம் வந்தால் மட்டும் சித்தி அதைத் திரும்பத் திரும்பப் படிப்பாள். பேய்க்கு மனப்பாடம் ஆகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு சனிக்கிழமை காலை அந்தத் தெருவை இடிக்கப் பொக்லைன் வந்தது. அம்மாவின் உத்தரவை மறந்து நானும் மற்ற பிள்ளைகளும் வேடிக்கை பார்க்க ஓடினோம். கடைசி வீட்டில் ஆள் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். கம்பெனி ஹாஸ்டல் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் ஒரு அக்கா, அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே வாசலில் நின்றிருந்தார்.

“என் மனுவ இன்னும் விசாரிக்கவே இல்லியே சார். அதுக்குள்ள வூட்ட இடிச்சா எப்டி?”

சித்தியின் அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் மற்ற ஊழியர்களோடு சித்தி நின்றிருந்தாள். அந்த அக்கா சித்தியின் பக்கம் திரும்பி, ‘இந்திய மக்களாகிய நாம்’ என்று ஆரம்பித்தார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அதே குரல். தெருவில் இருந்த பேய் அவர் மேல் ஏறிவிட்டது என்று உறுதியாகத் தெரிந்தது.

அந்த ஒரு வரியோடு அவர் நிறுத்திக்கொண்டார். சித்தி அடுத்த வரியைச் சொல்வாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அப்புறம் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பொக்லைன் அந்த வீட்டை நோக்கி நகர்ந்தது.

நவம்பர் கூட்டத்தில் சித்தி எந்தக் கேள்விக்கும் தடுமாறவில்லையாம். சால்வை போர்த்தி அனுப்பியிருந்தார்கள். அன்று சாயங்காலம் சால்வையைக்கூட எடுக்காமல் மாடிக்குப் போனாள். முதல் வரியைச் சொல்லிவிட்டு நிறுத்தி, இடிந்து கிடந்த தெருவைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். அங்கிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

எனக்கு ஒரே சந்தோஷம். “பேய் போயிடிச்சி சித்தி. இனிமே நீ நிறுத்தி நிறுத்திப் படிக்க வேணாம்,” என்றேன்.

சித்தி சால்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நான் கீழே ஓடி, சித்தி எதற்கு அழுகிறாள் என்று அம்மாவைக் கேட்டேன். சால்வை கிடைத்த சந்தோஷம் என்றாள் அம்மா. நானும் நம்பிவிட்டேன்.