பெரியப்பாவும் வார்த்தையில்லாத பாட்டும்

பெரியப்பாவைப் பேச வைத்தே தீர்வது என்று நான் முடிவெடுத்தபோது எனக்குப் பத்து வயது. அப்போது எங்கள் வீட்டில் என்னைவிடப் பிடிவாதக்காரர் ஒரே ஒருவர்தான். அது பெரியப்பாதான்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களைக் காரைக்காலில் சொல்தா என்பார்கள். பெரியப்பா சொல்தா. பென்ஷனோடு ஊர் திரும்பியபோது மற்ற சொல்தாக்கள் சென்ட்டும் சாக்லேட்டும் கொண்டுவந்தார்கள். இவர் ஒரு ரெக்கார்டு பிளேயரையும் இரண்டு பெட்டி நிறைய ஜாஸ் இசைத்தட்டுகளையும் கொண்டுவந்தார். பெரியம்மாவுக்கு அந்த வருத்தம் கடைசிவரை தீரவில்லை.

எனக்குப் பத்து வயதான வருஷ மழைக்காலத்தில் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. கை கொஞ்சம் திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரியும். பதில் சொல்ல வாயைத் திறப்பார், உதடு துடிக்கும், கண் கலங்கும், அவ்வளவுதான். சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொடுங்கள் என்றார் டாக்டர். பெரியவர்கள் இரண்டு நாள் முயன்று ஓய்ந்தார்கள். மீன் கொண்டுவரும் அம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு, "ஐயாவுக்குப் பேச்செல்லாம் உள்ளதான் கெடக்குது. கதவுதான் தெறக்க மாட்டேங்குது" என்றார்.

கதவுதானே, திறந்துவிடலாம் என்று நான் நினைத்தேன்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. பிரான்சிலிருந்து ஞாயிறுதோறும் போன் செய்யும் அக்கா, பெரியப்பாவின் ஒரே மகள், பெரியம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. "அப்பா ஒரு வார்த்தையாவது பேசட்டும்மா. இல்லன்னா அடுத்த மாசம் வந்து இங்க கூட்டிட்டு வந்துடறேன். இங்க இதுக்குன்னே ஆஸ்பத்திரி இருக்கு." பெரியம்மா சரி சரி என்றார். எனக்கு எப்படிச் சரியாகும்? என் கணக்குப் பரீட்சைத் தாளில் எங்கப்பா கையெழுத்தை அச்சு அசலாகப் போட்டு என்னைக் காப்பாற்றியவர் அவர். அவர் இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன்?

தண்ணியில் தொடங்கினேன். "சொல்லுங்க பெரியப்பா. தண்... ணி." பள்ளிக்குப் போகுமுன் நூறு தடவை, வந்தபின் நூறு தடவை. டம்ளரை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் என்னைப் பார்ப்பார், டம்ளரைப் பார்ப்பார், இடது கையால் வாங்கிக் குடித்துவிடுவார்.

ஒருநாள் சலித்துப்போய் ஒரு தட்டை ஓடவிட்டேன். அதன் உறையில் ஒரு குண்டு அம்மாள் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருப்பார். முதலில் ஒழுங்காகத்தான் பாடுவார், ஏதோ இங்கிலீஷ் வார்த்தைகள். பாதியில் அவருக்கு வார்த்தைகள் போதாமல் போய்விடும். அத்தனையையும் தூக்கி எறிந்துவிட்டு, "டூபி டூபி டபடபா" என்று டிரம்பெட்டைத் துரத்திக்கொண்டு ஓடுவார். அது ஒளியும், இவர் கண்டுபிடிப்பார். இவர் என்னவோ கேட்பார், அது என்னவோ பதில் சொல்லும். ஒன்றும் விளங்காது, ஆனால் கேட்கிறவர் கால் தானாகத் தாளம் போடும். கீழவாஞ்சூர் துறைமுகத்திலிருந்து தெருவில் நிலக்கரி லாரி போனால் ஊசி குதித்துவிடும் என்று இரண்டு கையாலும் மேஜையை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டேன். இப்படிப் பாடுவதற்கு ஜாஸில் ஸ்காட் என்று பெயர் என்பதெல்லாம் வெகுகாலம் கழித்துத் தெரிந்துகொண்டது.

அந்த இடம் வந்ததும் பெரியப்பா வாயைத் திறந்தார். "டூபி டூபி டபடபா." ஒரு பிசிறில்லை.

எனக்கு வந்தது கோபம். டபடபா வருகிறது, தண்ணி வராதா? இத்தனை நாளும் மனுஷர் என்னை ஏமாற்றியிருக்கிறார்! ஊசியைத் தூக்கிவிட்டேன். "தண்ணி சொல்லுங்க. அப்பத்தான் பாட்டு."

"பாவம்டி அவங்க, போட்டு விடேன்" என்றார் பெரியம்மா.

"நீங்க சும்மா இருங்க பெரியம்மா. நீங்க குடுக்குற செல்லத்துலதான் இப்புடி ஆயிட்டாங்க."

தட்டை என் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டேன். நாலு நாள் பள்ளிக்கும் அதோடுதான் போய்வந்தேன். பெரியப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நானும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் போன் அடித்தது. பெரியம்மா ஸ்பீக்கரில் போட்டார். "அப்பா, நான்தாம்ப்பா. ஏதாச்சும் சொல்லுங்கப்பா." பெரியப்பாவின் உதடு துடித்தது. நான் எதிரே நின்று தண்ணி, தண்ணி என்று சத்தமில்லாமல் வாயசைத்துக் காட்டினேன். அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. லஞ்சம் கொடுத்தாவது பார்ப்போம் என்று ஓடிப்போய்த் தட்டை எடுத்துவந்து, அந்த அம்மாள் வார்த்தைகளைத் தூக்கி எறிகிற இடமாகப் பார்த்து ஊசியை வைத்தேன்.

பெரியப்பா பேசவில்லை, பாடினார். கண்ணை மூடிக்கொண்டு "டபடபா" என்று நிறுத்தினார். போனிலிருந்து மெல்ல வந்தது: "ஷுவீ பாப்பா, டீடில் டா." டிரம்பெட் பதில் சொல்லும் இடம் அது. அதை அக்கா பாடினார். அவர் பிரான்சில் அந்தத் தட்டைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அடுத்ததை இவர் பாடினார், அதற்கடுத்ததை அவர். தட்டு முடிந்து ஊசி சரசரவென்று வெறுமனே சுற்றியது. இவர்கள் நிறுத்தவில்லை. தட்டில் இல்லாததையெல்லாம் பாடினார்கள். ஓரிடத்தில் பெரியப்பா கேள்விபோல இழுத்தார். அக்கா குரலைத் தாழ்த்தி அதே பாஷையில் ஏதோ சொன்னார். பெரியப்பா இன்னொருமுறை, இன்னும் மெதுவாக இழுத்தார். அக்கா மறுபடியும் அதையே சொன்னார். பெரியப்பா சிரித்தார், வாதம் வந்தபிறகு முதல்முறையாக.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை வரவில்லையே!

அக்கா என்னைக் கூப்பிட்டார். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "பாப்பா, அப்பா அங்கயே இருக்கட்டும். நான் லீவு போட்டு வந்து பாத்துட்டுப் போறேன். எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

அக்கா நம்பிக்கை இழந்து கைகழுவிவிட்டார் என்றுதான் நினைத்தேன். "இல்லக்கா, அவங்க ஒண்ணுமே சொல்லல. நீங்க சரியாக் கேக்கல. ஒரே ஒரு வாரம் டைம் குடுங்க, நான் தண்ணின்னு சொல்ல வச்சிடறேன்."

அந்தப் பக்கம் அக்கா சிரித்தார். இந்தப் பக்கம் பெரியப்பாவும் சிரித்தார். நிலைமை எவ்வளவு மோசம் என்று இந்த இரண்டு பேருக்கும் புரியவில்லையே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.