நான்கு சக்கரத்துக்கு நான்கு எலுமிச்சை

312 நாள். சுங்கை சோவில் ஒரு மாடி வீடு விற்பனைக்கு வந்து அத்தனை நாள் கழித்துத்தான் புனிதவதியின் கைக்கு வந்தது. அதற்குள் இரண்டு முகவர்கள் கைவிட்டிருந்தார்கள். பத்தொன்பது குடும்பங்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தன. இரண்டாவது முறை ஒருவரும் வரவில்லை.

"பத்தொம்பது பேருக்கும் ஒண்ணா புடிக்காம போவுமா? எங்கியோ ஒழுகுது," என்றார் புனிதவதி.

ஒழுகலைக் கண்டுபிடிப்பது அவருக்குப் பழகிய வேலை. பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர், வயது நாற்பத்தேழு. ரவாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பதினாறு ஆண்டுகள் தரம் பார்க்கும் பிரிவில் நின்றார். கையுறையில் தண்ணீரை நிரப்பித் தொங்கவிட்டு, எங்கே சொட்டுகிறது என்று பார்க்க வேண்டும். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற எதையும் நம்பக் கூடாது. ஆறு ஆண்டுகளுக்கு முன் அந்த வேலையை விட்டு வீட்டு முகவரானார். நம்பாத பழக்கத்தை மட்டும் விடவில்லை.

விலை போகாத வீடு கைக்கு வந்தால் அவர் முதலில் சந்தேகப்படுவது வீட்டுக்காரரை. அடுத்து பக்கத்து வீடு. பிறகு பழைய முகவர். விலை கடைசியில்தான். "விக்கணும்னு வாயால சொல்றவங்கள்ல பாதிப் பேருக்கு மனசுல இஷ்டம் இருக்காது. பலகையை மாட்டிட்டு, உள்ள உக்காந்து வேண்டாம்னு சாமி கும்புடுவாங்க."

இந்த வீட்டுக்காரர்கள் அப்படித் தெரியவில்லை. சிவானந்தத்துக்கு அறுபத்து நான்கு வயது. முப்பத்தோரு ஆண்டுகள் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். போன ஆண்டு இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோயால் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வசதியான குளியலறை மாடியில் இருக்கிறது. கீழே இருப்பது குந்தி உட்காரும் கழிவறை. ஒற்றைக் காலில் குந்த முடியாது. தினமும் இரண்டு தடவை பதினான்கு படிகளை உட்கார்ந்தபடியே ஏறி இறங்குகிறார். இரண்டு முறை உருண்டுவிட்டார். மனைவி நாகமணி ஜெராமில், தங்கை வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, ஒரு தரை வீடு பார்த்து வைத்திருந்தார். அதன் சொந்தக்காரர் மாதக் கடைசி வரைதான் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டார். இந்த வீடு விற்றால்தான் அந்த வீடு.

"யாருன்னு எனக்குத் தெரியும்," என்றார் நாகமணி முதல் நாளே. குரலைத் தாழ்த்தி, இடப்பக்கச் சுவரைக் கண்ணால் காட்டினார். அங்கே இருப்பது அம்சவள்ளி. "அவதான்லா செய்வினை வெக்கிறா. வீடு பாக்க ஆள் வர்ற அன்னிக்கெல்லாம் கேட்டு முன்னாடி எலுமிச்சம்பழம் கெடக்குது. குங்குமம் தடவி, நசுங்கி. நான் வேலை முடிஞ்சு நாலு மணிக்கு வந்து பாக்குறேன், ரத்தம் மாதிரி இருக்கு. மஞ்சத் தண்ணி ஊத்திக் கழுவி, உப்பு போட்டுட்டுத்தான் உள்ளயே வர்றேன்."

கேட்டின் கம்பிகளில் மஞ்சள் கறை காய்ந்திருந்தது. அதையும் வந்தவர்கள் பார்த்திருப்பார்கள்.

அம்சவள்ளியைக் கேட்டால் கதை தலைகீழ். "பழம் வெக்கிறது அந்தம்மாதான். எனக்குத்தான் வெக்கிறாங்க. வீடு பாக்க வர்றவங்க என்கிட்ட வந்து, எப்படி இடம்னு விசாரிப்பாங்க. நான் ஏன் பாவத்தக் கட்டிக்கணும்? 'என்னைய ஒண்ணும் கேக்காதீங்க, நான் வாயத் தொறக்க மாட்டேன்'னு சொல்லிருவேன்."

"அதுக்கு நீங்க பேய் இருக்குன்னே சொல்லிருக்கலாம் அக்கா," என்றார் புனிதவதி.

முன்பு வந்து பார்த்தவர்களில் மூன்று பேரைத் தொலைபேசியில் பிடித்தார். மூவரும் ஒரே மாதிரி இழுத்தார்கள். வீடு நல்லாத்தான் இருக்கு, ஆனா வீட்ல உள்ளவங்களுக்குப் பிடிக்கலை. செய்வினைக்குப் பயந்தோம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

புனிதவதி ஒரு சோதனை வைத்தார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆள் வருகிறது என்று சிவானந்தத்திடமும் நாகமணியிடமும் மட்டும் சொன்னார். அம்சவள்ளிக்குத் தெரியாது. உண்மையில் யாரும் வரவில்லை. அன்று பழம் விழுந்தால் ஒழுகல் வீட்டுக்கு உள்ளே.

சனிக்கிழமை ஐந்தரை மணிக்கே எதிர்வரிசையில் ஒரு மரத்தடியில் தன் மைவி காரை நிறுத்தி, இருக்கையைச் சாய்த்துக்கொண்டார். ஆறு மணிக்கு நாகமணி சாப்பாட்டுக் கடை வேனில் ஏறி வேலைக்குப் போனார். அம்சவள்ளி வாசல் பெருக்கிவிட்டு உள்ளே போனார். ஏழு இருபதுக்கு இவர்கள் வீட்டு கேட் திறந்தது.

ஊன்றுகோலோடு வந்தவர் சிவானந்தம். கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. கார் வந்து நிற்கிற இடத்தைக் கண்ணால் அளந்தார். குனிய முடியாமல் தரையிலேயே உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து நான்கு முழு எலுமிச்சம்பழங்களை நான்கு மூலைக்கு வைத்தார். ஐந்தாவதை வெட்டிக் குங்குமம் தடவி, வீட்டுக்கு மூன்று சுற்று காட்டி, கேட்டுக்கு இரண்டு பக்கமும் எறிந்தார். பிறகு கேட்டைப் பிடித்து எழுந்து, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். எல்லாம் முடிய அரை மணி நேரம் ஆனது. புனிதவதி உதவிக்கு இறங்கவில்லை. இந்த மனிதர் வீட்டை விற்க விடாமல் தடுக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்.

எட்டு மணிக்குக் கதவைத் தட்டினார்.

"அண்ணே, ஒளிக்காம சொல்லுங்க. உங்களுக்கு இந்த வீட்ட விட்டுப் போவ இஷ்டம் இல்ல. அப்படித்தானே?"

"என்னம்மா பேசுற? அந்தப் படியில ஏறி எறங்கிப் பாரு, தெரியும். நான்தாம்மா மொதல்ல போவணும்னு நிக்கிறேன்."

"அப்போ வாசல்ல என்ன அது?"

சிவானந்தம் கதவைச் சாத்தினார். "பாத்துட்டியா? திருஷ்டி கழிப்புன்னா யாருகிட்டயும் சொல்லக் கூடாதும்மா. சொன்னா பலிக்காது. அவகிட்டகூடச் சொல்லல." பிறகு சொன்னார். "முப்பத்தோரு வருசம் லோரி ஓட்டினேன். சக்கரத்துக்கு அடியில பழம் வெக்காம ஒரு நாளும் வண்டிய எடுத்ததில்ல. ஒரு ஆக்சிடெண்டு கெடையாது. கால் போனது இனிப்பு நீர்ல, ரோட்டுல இல்ல. இந்த வீட்டுக்குத் திருஷ்டிம்மா. வர்றவங்க வண்டி பழத்து மேல ஏறி நசுக்கிட்டா, எல்லாம் போயிரும்."

"நீங்க கெளம்புறப்ப வெச்சீங்க, அது உங்க வண்டி. இவங்க அப்பதான் வந்து எறங்குறாங்க. சக்கரத்துக்கு அடியில பழம், பக்கத்துல குங்குமம். என்ன நெனப்பாங்க?"

"என்ன நெனப்பாங்க?"

"செய்வினை வெச்ச வீடுன்னு நெனப்பாங்க அண்ணே. உங்க பொண்டாட்டியே அப்படித்தான் நெனைக்கிறாங்க. பக்கத்து வீட்டம்மாவும்தான்."

அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். "பத்தொம்பது தடவைம்மா," என்றார்.

அப்போதும் புனிதவதி முழுதாக நம்பவில்லை. கையோடு ஷர்வினை அழைத்தார். ரவாங்கில் குளிர்சாதனக் கருவி பழுதுபார்க்கும் இளைஞர். பதினேழாவதாக வந்து போனவர், முன்பு தொலைபேசியில் இழுத்த மூவரில் ஒருவர். இந்த முறை புனிதவதி சுற்றி வளைக்காமல், எலுமிச்சம்பழமா என்று நேராகக் கேட்டார். மறுமுனையில் சிரிப்பு. "ஆமா அக்கா! அம்மா காரை விட்டே எறங்கல. போற வழியில டயரக் கழுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனோம்."

"அது லோரிக்காரர் பழக்கம்பா. உங்கம்மாகிட்ட போனக் குடு."

அன்று மாலை நாகமணிக்கு உண்மை தெரிந்தது. கணவரைத் திட்டிய திட்டு இரண்டு வீட்டுக்கும் கேட்டது. அதைக் கேட்டுத்தான் அம்சவள்ளி தானாக வெளியே வந்தார். நாகமணி மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "கேட்டுல கறை போவ மாட்டேங்குது, உங்ககிட்ட என்ன சோப்பு இருக்கு?" என்று கேட்டார். பத்து மாதத்தில் இருவருக்கும் இடையில் நடந்த முதல் பேச்சு அது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஷர்வின் குடும்பம் இரண்டாம் முறையாக வந்தது. புனிதவதி ஆறரை மணிக்கே வந்து, குளிர்ப்பெட்டியைத் திறந்து எலுமிச்சம்பழங்களை எல்லாம் பையில் போட்டுக்கொண்டார்.

"தேத்தண்ணிக்கு ஒண்ணாச்சும் வெச்சிட்டுப் போம்மா," என்றார் சிவானந்தம்.

"இன்னிக்குப் பால் ஊத்திக் குடிங்க."

ஷர்வினின் தாயார் காரை விட்டு இறங்குமுன் கீழே குனிந்து பார்த்தார். தரை ஈரமாக, சுத்தமாக இருந்தது. வீட்டைப் பார்த்து முடித்ததும் நேராக அம்சவள்ளி வீட்டுக்குப் போனார். "மழைக்குத் தண்ணி ஏறாத வரிசைங்க இது," என்று அம்சவள்ளி சொன்னது மட்டும் இந்தப் பக்கம் கேட்டது. அரை மணி நேரம் கழித்து, சிவானந்தம் அவ்வளவு பாடுபட்டு ஏறுகிற அந்தப் படியை ஷர்வின் இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கி வந்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார்.

முன்பதிவுத் தாளில் அன்றே கையெழுத்தானது. அதையும் புனிதவதி நம்பவில்லை. வழக்கறிஞர் முன்னிலையில் கையெழுத்தாகும் வரை விற்பனைப் பலகையைக் கழற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கையெழுத்து வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. சிவானந்தத்தைப் புனிதவதியின் மைவி ஏற்றிப் போகிறது.