நான் மிதித்த வேகம்

என் கால் தப்பாது. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பதினாறு வயதிலிருந்து தையல் மெசின் மிதித்த கால் இது. எங்கள் ஊர் உடுவிலில் நான் தைத்த எந்தச் சட்டையை வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள், முதல் தையலுக்கும் கடைசித் தையலுக்கும் ஒரே இடைவெளி இருக்கும். அப்படிப்பட்ட காலை வைத்துக்கொண்டு ஒரு மனுசனின் பிழைப்பையே தலைகீழாக்கிவிட்டேன் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்?

என் வீட்டுக்காரர் குருநகர் ஆள். கடலுக்குப் போகிற குடும்பம், வேதக்காரர். மாதா கோயிலில் பாடுகிறவர்களுக்குக் கிட்டார் வாசித்துப் பழகி, பத்தொன்பது வயதில் கொழும்புக்குப் போனவர். பகலில் ஒலிப்பதிவுக் கூடங்களில் கூலிக்கு வாசிப்பார். யாரோ பாடும் பாட்டுக்கு, யாரோ விற்கும் சவர்க்காரத்தின் விளம்பரத்துக்கு. மாலையில் ஒரு ஹோட்டலில், ட்ரம்பெட் ஊதும் பறங்கியர் ஒருவரின் குழுவில் ஜாஸ் வாசிப்பார். அந்தப் பறங்கியரை இவர் மாஸ்டர் என்றுதான் சொல்வார். இசைத்தட்டு உறையில் பாடியவர் பெயர் இருக்கும், எழுதியவர் பெயர் இருக்கும், இவர் பெயர் இராது. எண்பத்து மூன்று ஆடியில் கொழும்பு எரிந்தபோது கப்பலேறி காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். கையில் கிட்டார் மட்டும் இருந்தது. மற்றதெல்லாம் அங்கே சாம்பல்.

இங்கே வந்து கலியாண வீடுகளில் வாசிக்கிற ஒரு குழுவில் சேர்ந்தார். அந்தக் குழுவுக்கு ஆறு நீலச் சட்டை தைத்தது நான். ஐந்து பேர் போட்டுக்கொண்டு போனார்கள். இவர் மட்டும் திரும்பி வந்தார்.

"தங்கச்சி, இந்தச் சட்டைக் கை பிடிக்குது. வாசிக்க ஏலாமல் கிடக்கு."

"மற்ற அஞ்சு பேருக்கும் பிடிக்கேல்லை. உங்கடை கைக்கு மட்டும் என்ன கொம்போ?"

"மற்ற அஞ்சு பேரும் ஜாஸ் வாசிக்கிறேல்லை" என்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆனாலும் பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். இரண்டாம் தரமும் பிடிக்கிறது என்று வந்தார். மூன்றாம் தரம் வந்தபோது சட்டையில் ஒரு குறையும் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. என் வீட்டில் வேதக்காரனோ என்று ஒரு வருசம் சண்டை நடந்தது. நான் அசையவில்லை. எண்பத்தைந்தில் கட்டிக்கொண்டோம்.

ஜாஸ் என்றால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "ஒரு பாட்டை வடிவாத் தெரிஞ்சுகொண்டு, அதை விட்டு வெளியிலை போய், அலைஞ்சு திரிஞ்சு, பேந்து அந்தப் பாட்டுக்கே திரும்பி வாறது" என்றார்.

"வெளியிலை போறது கேக்குது. திரும்பி வாறதைத்தான் காணேல்லை" என்றேன். கிட்டாரைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கி மின்சாரம் நின்றது. குழுவில் பாதிப் பேர் வெளிநாடு போய்விட்டார்கள். இவர் சந்தியில் சைக்கிள் திருத்தும் கொட்டில் ஒன்று போட்டார். கிட்டார்க் கம்பி எங்கும் கிடையாது. மெல்லிய கம்பி அறுந்தால் சைக்கிள் பிரேக் கேபிளைப் பிரித்து ஓர் இழை எடுத்துப் பூட்டுவார். தடித்த கம்பிகள் ஊத்தை பிடித்துச் சத்தம் மங்கினால் கழற்றி வெந்நீரில் அவிப்பார். எதில் என்று நினைக்கிறீர்கள்? என் சோற்றுப் பானையில்.

"உமக்கென்ன விசரோ? சோறு அவிக்கிற பானையிலை கம்பியோ?"

"சும்மா இரும். கம்பியும் அரிசி மாதிரித்தான், அவிஞ்சாத்தான் ருசி." கோபம் வந்தால் நானும் இவரை நீர் என்றுதான் கதைப்பேன். அந்த நாட்களில் நிறைய நீர் போட்டேன்.

தொண்ணூற்று இரண்டில், கிளாலிக் கடலைப் படகில் கடந்து கொழும்பு போய்வந்த ஒருவர் கையில் மாஸ்டரின் கடிதம் வந்தது. அவர் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்று தொடங்குகிறாராம். நிரந்தரமாக ஒரு கிட்டார்காரர் வேண்டுமாம். இவரை நினைவிருக்கிறதாம், ஆனால் ஒன்பது வருசமாக இவர் வாசித்துக் கேட்கவில்லையாம். வேறு இரண்டு பேரும் கேட்கிறார்களாம். மூன்று பாட்டு வாசித்துக் கசெட்டில் பதிந்து அனுப்பு, கேட்டுவிட்டு முடிவு சொல்கிறேன் என்று எழுதியிருந்தார்.

இவர் கடிதத்தை நாலாக மடித்து வைத்தார். "கரண்ட் இல்லை, ஆமி பற்றரி உள்ளை விடுறாங்கள் இல்லை. எதிலை பதியிறது? சரிவராது, விடும்" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார். முகத்தைக் கழுவுகிறவர் போல வெகுநேரம் நின்றார். நான் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிரேக் கட்டை மாற்றவா இந்த மனுசன் பிறந்தவர்?

"சைக்கிள்காரனுக்குச் சைக்கிள் கண்ணுக்குத் தெரியேல்லையோ?" என்று கத்தினேன். "ஊர் முழுக்க டைனமோவைச் சுத்தித்தானே ரேடியோ கேக்குது. ரேடியோ கேக்கலாமெண்டால் ஏன் பதியேலாது? நான் மிதிக்கிறன்."

சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சில்லில் டைனமோவைப் பூட்டி, அதிலிருந்து வயர் இழுத்துக் கசெட் ரெக்கோடருக்குக் கொடுத்தார். முதல் நாள் நான் விட்டேனா பார் என்று மிதித்தேன். போட்டுக் கேட்டால் கிட்டாருக்கு மேலே சங்கிலிச் சத்தம் கறகறவென்று கிடந்தது. சைக்கிளை யன்னலுக்கு வெளியே வைத்து, யன்னலில் மெத்தையைக் கட்டினோம். சங்கிலிக்கு நல்லெண்ணெய் விட்டோம். அப்படியும் கேட்டது. "இன்னும் மெல்ல மிதியும்" என்றார். மெல்ல மிதித்தேன். சத்தம் குறைந்தது. "இன்னும் கொஞ்சம் ஆறுதலா." இன்னும் குறைந்தது. சங்கிலிச் சத்தம் அடியோடு நிற்கும் ஒரு வேகத்தைக் கண்டுபிடித்தோம். நான் யன்னலுக்கு வெளியே இருந்ததால் என் கால் அந்த வேகத்தைப் பிடித்துவிட்டதா என்று இவருக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் நான் உரக்க எண்ண வேண்டும். ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. அதிலிருந்து வேகத்தை எடுத்துக்கொண்டு இவர் தொடங்குவார்.

மூன்று பாட்டையும் ஒரு பின்னேரத்தில் பதிந்தோம். பழக்கத்துக்குப் பதிந்த ஒரு கசெட்டை வீட்டில் வைத்துக்கொண்டோம். அதே காலால் அதே வேகத்தில் மிதித்துப் போட்டுக் கேட்டோம். அச்சா! சங்கிலி இல்லை, நாய் இல்லை, கிட்டார் மட்டும். இவர் எழும்பி வந்து யன்னலால் கையை நீட்டி என் தலையைத் தடவினார். என் கால் ஒரு தரமும் தப்பவில்லை என்று எனக்குப் பெருமை சொல்லி மாளாது.

கசெட்டைக் கொடுத்தனுப்பி இரண்டு மாதத்தில் பதில் வந்தது. இவர் கொட்டிலை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். ஆங்கிலக் கடிதம், ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். "மற்ற ரெண்டு பேரையும் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டாராம். தைப்பொங்கல் கழிய வந்து சேரட்டாம். நான் முந்தி ஒருநாளும் இவ்வளவு கெதியா வாசிச்சதில்லையாம். சுருதியை மூண்டு படி கூட்டி வைச்சிருக்கிறனாம், புதுக் கம்பியோ எண்டு கேக்கிறார்." கடைசி வரியில் நின்றுவிட்டார். "ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னாலை எண்ணுற சின்னப் பிள்ளை ஆர், உன்ரை மகளோ எண்டு கேட்டிருக்கிறார்."

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் முதலில் சிரித்தேன், அதற்குப் பிறகுதான் மூளை வேலை செய்தது. எண்ணியது நான். என் குரல் எப்படிச் சின்னப் பிள்ளையின் குரலாகும்? இவருக்கும் அதே நேரத்தில் விளங்கிவிட்டது. நான் மெல்ல மிதித்ததால் பதியும்போது டேப் மெல்ல ஓடியிருக்கிறது. மாஸ்டரின் வீட்டில் ஒழுங்கான கரண்டில் போட்டால் எல்லாம் கெதியாய் ஓடும். கிட்டார் பறக்கும், சுருதி ஏறும், நாற்பது வயதுக் கிழவி குமரியையும் தாண்டிக் குழந்தையாவாள். இங்கே நாங்கள் அதே மெல்லிய மிதியில் போட்டுக் கேட்டபடியால் ஒன்றும் தெரியவில்லை.

இவர் கதிரையில் இருந்துவிட்டார். "உள்ளதை எழுதிப்போடுவம். அது நான் இல்லை. அது உம்மடை கால்."

"எழுதினால்?"

"மற்ற ரெண்டு பேரிலை ஒராளைக் கூப்பிடுவார்."

"அப்ப எழுத வேண்டாம். பொங்கலுக்கு இன்னும் ஏழு கிழமை கிடக்கு. அந்தக் கசெட்டிலை இருக்கிற வேகத்துக்கு நீங்கள் வாசியுங்கோ. வாசிச்சால் அது பொய் இல்லைத்தானே?"

"பேய்க்கதை கதையாதையும். அந்த வேகத்துக்கு மனுசன் வாசிக்கேலாது."

"மாஸ்டர் நம்பிப்போட்டார். நம்பினவர் என்ன மாடு மேய்க்கிறவரோ?"

இவர் கடிதத்தை மறுபடி விரித்தார். என் கால் செய்த பிழை, அதை என் கால்தான் சரிப்பண்ண வேண்டும் என்று மட்டும் பிடித்துக்கொண்டேன்.

சரியான வேகம் எது என்று எப்படி அறிவது? அதற்கு இவருக்கு வழி தெரிந்திருந்தது. கிட்டாரில் முதல் பாட்டின் முதல் சுரத்தை மூன்று படி மேலே பிடித்துத் தட்டிக்கொண்டே இருந்தார். நான் வீட்டில் இருந்த கசெட்டைப் போட்டு, அதில் வருகிற சத்தம் இவர் தட்டும் சத்தத்தோடு ஒட்டும்வரை வேகத்தைக் கூட்டி மிதித்தேன். ஒட்டிய வேகத்தில் முதலிலிருந்து போட்டதும் யன்னலுக்குள்ளிருந்து ஒரு சின்னப் பிள்ளை எண்ணியது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அந்த வேகத்தை என் கால் படித்துக்கொண்டது. அதைக் கொண்டுபோய் என் தையல் மெசினில் ஏற்றினேன்.

ஏழு கிழமை. காலையில் கொட்டில் திறக்கும் முன் இரண்டு மணித்தியாலம், பின்னேரம் இரண்டு. நான் மெசினை மிதிப்பேன், அதன் சத்தத்துக்கு இவர் வாசிப்பார். முதல் கிழமை பாதியில் விழுந்தார். பிரேக் கம்பி விரலை அறுத்தது. மஞ்சளை அரைத்துப் பூசினேன். "மெல்ல மிதியும்" என்று கெஞ்சினார். "முந்தி மெல்ல மிதிச்சுத்தான் இந்த வினை" என்றேன். மூன்றாம் கிழமை கிட்டாரைப் படுக்கையில் எறிந்துவிட்டு, "கண்டறியாத ஜாஸ்! நான் சைக்கிளே திருத்திறன்" என்று கத்தினார். நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். ஆளில்லாத பாட்டுக்கு அரை மணி நேரம் மிதித்தேன். திரும்பி வந்து எடுத்தார். ஹெலி சுற்றினால் பதுங்குகுழிக்கு ஓடுவோம். அங்கேயும் இவரின் இடது கை விரல்கள் என் தோளில் ஓடிக்கொண்டிருக்கும். ஆறாம் கிழமை ஒரு பாட்டு முழுதாக வந்தது. ஏழாவதில் மூன்றும் வந்தன. கடைசிச் சுரம் அடங்கியதும் இவர் என் காலைப் பார்த்தார். "நீர் கூட்டிக் குறைக்கேல்லைத்தானே?"

"என்ரை கால் தப்பாது" என்றேன்.

வெளியே போகிறவர் இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். திரும்பி வருவார் என்று ஒருவர் இங்கே பிணை நிற்க வேண்டும். பிணை நான்தான். கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வந்தபோது, "வெளியிலை போறது எனக்குத் தெரியும். திரும்பி வாறதைக் காட்டுங்கோ" என்றேன். இவர் சிரிக்கவில்லை.

இவர் போய் நாலு மாதம் ஒரு சேதியும் இல்லை. மாஸ்டருக்கு முன்னால் கை விறைத்துவிட்டதோ, கூடத்தால் துரத்திவிட்டார்களோ, கடலிலேயே போய்விட்டாரோ. இருந்து அழுவதற்கு எனக்கு நேரமில்லை, பள்ளிக்கூடச் சட்டைகள் குவிந்து கிடந்தன. மிதித்தேன். மெசின் தானாகவே அந்த வேகத்துக்குப் போய்விடும்.

சித்திரையும் கழிந்து ஒரு நாள், கடலால் வந்த ஒருவர் பழைய துணியில் சுற்றிய கசெட் ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். கடிதம் இல்லை. சைக்கிளை இழுத்து ஸ்டாண்டில் போட்டு ஏறினேன். தொடக்கத்தில் யாரோ மாடு போல ஊளையிட்டார். எனக்குப் பகீரென்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். ஊளை பேச்சானது. இன்னும் அழுத்தினேன்.

"இஞ்சேரும். கூடத்திலை இருந்து கதைக்கிறன். இஞ்சை நல்ல கரண்ட். என்ரை குரல் என்ரை குரல் மாதிரிக் கேக்குமட்டும் மிதியும். கேட்டதும் அந்த வேகத்தை விடாதையும்."

கூட்டினேன். ஒரு மயிரளவு குறைத்தேன். வந்துவிட்டது. என் மனுசனின் குரல், கரகரப்போடு, என் காதுக்குப் பக்கத்தில். ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு என்று அவரே எண்ணினார். பிறகு முதல் பாட்டு தொடங்கியது. ஏழு கிழமை நான் மிதித்த அதே வேகம், ஓர் இழை பிசகவில்லை. பாட்டை விட்டு எங்கேயோ வெளியே போனார், அலைந்து திரிந்தார், பிறகு அந்தப் பாட்டுக்கே திரும்பி வந்தார். அந்த முறைதான் எனக்கு அது கேட்டது.

அழுகை வந்தது. ஆனால் அழுதால் கால் தளரும், கால் தளர்ந்தால் அவர் வாசிப்பது வேறு யாரோ வாசிப்பதாகிவிடும். அதனால் கசெட்டின் அந்தப் பக்கம் முடியும்வரை நான் அழவில்லை.